நீர்யானைக்கு வாங்கிய டார்ச்

புதன்கிழமைச் சந்தையில் ஜாஃபாலியின் கடை முன்னால் எனலேசி மூன்றாவது வாரமாக வந்து உட்கார்ந்தாள். ஜாஃபாலி நல்ல வியாபாரிதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு தார்ப்பாயை விரித்து டார்ச், பேட்டரி, பூட்டு, ரேடியோ என்று பரப்பி வைத்திருப்பான். போன இரண்டு வாரமும் அவள் அந்தச் சரக்கில் பாதியைக் கழற்றியும் தண்ணீரில் முக்கியும் பார்த்துவிட்டு, ஒன்றையும் வாங்காமல் எழுந்து போயிருந்தாள்.

"வந்துட்டாங்க சுங்க அதிகாரி," என்றான் அவன், பக்கத்தில் தக்காளி விற்கும் மகிரேட்டாவிடம். "அந்தத் தண்ணி வாளிய இப்பவே குடுத்துடு. எப்படியும் கேப்பாங்க."

எனலேசி சிரிக்கவில்லை. அவள் இடுப்புத் துணியின் முடிச்சில் எட்டாயிரம் க்வாச்சா இருந்தது. நிலக்கடலை விற்ற பணம். புருஷன் வைசன் மீன்பிடிக்க ஏரியின் வடகோடிக்குப் போய் ஒரு மாதமாகிறது. அவன் வரும்வரை இந்த எட்டாயிரத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது. அதற்குள் அவளுக்கு வேண்டிய டார்ச் கிடைக்க வேண்டும். பளிச்சென்று எரிய வேண்டும், கீழே விழுந்தால் உடையக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

"இதப் பாருங்க, நேத்து வந்த சரக்கு," என்று ஒரு பெட்டியை நீட்டினான். "ஐம்பதாயிரம் வெளிச்சம்னு போட்டிருக்கு."

"சூரியனுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்காங்க?"

"சூரியன நான் விக்கறதில்லயேம்மா."

அவள் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு டார்ச்சைப் பிரித்தாள். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை நகத்தால் சுரண்டினாள், பூச்சு உதிர்ந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள். இருபத்துநான்கு குட்டி பல்புகள் பதித்த ஒன்றை எடுத்து, மேலே சுற்றியிருந்த சித்தெஞ்சேத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே எரியவிட்டுப் பார்த்தாள். இருபத்துநான்கும் சேர்ந்து ஒரு மெழுகுவர்த்தி அளவுக்கு எரிந்தன. அடுத்தது சார்ஜ் போடும் வகை. அதைத் தொடவே இல்லை. சார்ஜ் போட வேண்டுமென்றால் முடிவெட்டும் கடையில் காசு கொடுத்து அரைநாள் காத்திருக்க வேண்டும். அதுவும் அங்கே கரண்ட் இருந்தால்தான். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா பேட்டரி போடுகிறதுதான் வேண்டும் என்று முதல் வாரமே சொல்லியிருந்தாள்.

"எதுக்குன்னு சொல்லுங்களேன்," என்றான் ஜாஃபாலி. "எதுக்குன்னு தெரிஞ்சாதானே நான் எடுத்துக் குடுக்க முடியும்? வீட்டுக்கா, வயலுக்கா, வாட்ச்மேன் வேலைக்கா?"

எனலேசி இன்னொரு டார்ச்சின் மூடியைத் திருகினாள். அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. இரண்டு சித்தெஞ்சேயை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தாலும் வயிறு ஊருக்கே தெரிந்தது, ஜாஃபாலிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு, வாயால் சொல்வது வேறு. எங்கள் பக்கத்தில் வயிற்றில் இருப்பதைச் சந்தையில் சொல்ல மாட்டார்கள். யார் காதில் விழும், யார் மனதில் என்ன இருக்கும் என்று பயம். பிறக்காத பிள்ளைக்கு ஒரு முழம் துணி எடுக்கிற வழக்கம்கூடக் கிடையாது. சொன்னால் கெட்டுப்போகும் என்று பயந்து பயந்தே பல நல்ல காரியங்களைக் கெடுத்துக்கொண்ட ஜனம் நாங்கள்.

அதனால் எனலேசி பொய் சொன்னாள். "நீர்யானைக்கு. ஆத்தோரம் சோளம் போட்டிருக்கோம், ராத்திரி வந்து மேஞ்சுட்டுப் போகுது."

ஜாஃபாலியின் முகம் தெளிந்தது. "இத முதல் வாரமே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு வாளி தண்ணி மிச்சம்." தார்ப்பாயின் அடியிலிருந்து ஒரு கருப்பு டார்ச்சை எடுத்தான். முழுக்க உலோகம், கையில் கனமாக இருந்தது. அவள் அதை வாளியில் முக்கினாள், எரிந்தது. இடுப்பு உயரத்திலிருந்து கல்லின்மேல் போட்டாள். ஜாஃபாலி கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் ஒரு கோடு விழுந்தது, விளக்கு அணையவில்லை. சந்தைக்கு எதிரே இருந்த மாவு மில்லின் இருட்டு வாசலுக்குள் அடித்துப் பார்த்தாள். கடைசிச் சுவரில் தொங்கிய சாக்கு வரைக்கும் தெரிந்தது.

எட்டாயிரத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போலிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் பெண் பிறந்தபோது, சுகாதார நிலையத்தின் பிரசவ அறையில் வீட்டு டார்ச்தான். அங்கே கரண்ட் கிடையாது. கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, அதன் பேட்டரி செத்துப் பல காலம். பிரசவத்துக்கு வருகிறவள் பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, வாளி, மூன்று துணி, ஒரு விளக்கு எல்லாம் தானே கொண்டுவர வேண்டும். அன்றைக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நாத்தனார் லினெஸ், வைசனின் அக்கா. பிள்ளை வெளியே வந்த நேரத்தில் டார்ச் அவள் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து மூன்று துண்டாகப் போனது. பிள்ளை அழுதது. எனலேசியிடமிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. எங்கே கிழிந்திருக்கிறது என்று நர்ஸ் சிஸ்டர் கம்வெண்டோவுக்குத் தெரியவில்லை. லினெஸின் போனில் இருந்த வெளிச்சம் பத்து நிமிஷம் வந்தது, பிறகு அதுவும் போனது. "தெரியலயே, தெரியலயே," என்று சிஸ்டர் இருட்டில் முணுமுணுத்தது எனலேசிக்கு இன்னும் கேட்கிறது. ஜன்னலில் வெளுக்கும்வரை சிஸ்டர் துணியை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விடிந்தபின்தான் தையல் போட்டார். இன்னும் ஒரு மணி நேரம் இருட்டு நீண்டிருந்தால் அவள் இல்லை.

"எனக்கு எல்லா வேலையும் தெரியும்," என்றார் சிஸ்டர் மறுநாள். "இருட்டுல பாக்கற வேலை மட்டும் தெரியாது. அடுத்த தடவ நல்ல விளக்கா கொண்டு வா."

அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, டார்ச் வாங்கிய மறுநாள் காலை லினெஸோடு சுகாதார நிலையத்துக்குப் போனாள். மாதம் நெருங்கியவர்கள் தங்குவதற்கு அங்கே பின்பக்கம் ஒரு காத்திருப்பு வீடு உண்டு. வாசலைத் தாண்டிவிட்டால் எதையும் பேசலாம். சிஸ்டர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரிப்பு சரி, பிளேடு சரி. டார்ச்சை எடுத்ததும் பிரசவ அறைக்குக் கூட்டிப்போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். பட்டப்பகலிலும் அறை இருண்டுபோனது.

"லினெஸ், புடிச்சுக் காட்டு. கட்டில் மேல."

லினெஸ் பிடித்தாள். கட்டிலின்மேல் ஒரு ரொட்டி அகலத்துக்கு வெள்ளை வட்டம் விழுந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே தெரியவில்லை. சிஸ்டர் அந்த வட்டத்துக்குள் கையை நீட்டினார். கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் கைரேகையைப் பார்த்தார். உள்ளங்கை வெளுத்துப் போய், விரல்கள் மட்டும் நீலமாகத் தெரிந்தன.

"இந்த நீல வெளிச்சத்துல ரத்தம் கருப்பாத் தெரியும். எது ரத்தம், எது நிழல்னு எனக்குப் புரியாது," என்றார். "இது ஆத்துக்கு அக்கரைய பாக்கற டார்ச்மா. நான் பாக்கறது ஒரு சாண் தூரம். என்ன சொல்லி வாங்கின?"

எனலேசி தரையைப் பார்த்தாள். "நீர்யானைக்குன்னு."

சிஸ்டர் டார்ச்சை லினெஸிடமிருந்து வாங்கினார். "அப்ப நீர்யானைக்குப் பிரசவம் வந்தா கூப்பிடு, இத வச்சுப் பாத்துடலாம்."

லினெஸ் சிரித்துவிட்டாள். எனலேசிக்குக் கண்ணில் நீர் வந்தது. டார்ச் முகத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் பரவியது, ஆனால் கஞ்சித் தண்ணீர் போல மங்கிவிட்டது. வெளிச்சம் என்றால் வெளிச்சம்தானே என்று இத்தனை நாள் நினைத்திருந்த தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"எனக்கு அகலமா, மெதுவா விழற வெளிச்சம் வேணும்," என்றார் சிஸ்டர். "தலையில மாட்டற மாதிரி கிடைச்சா இன்னும் நல்லது. யாரும் புடிக்க வேண்டாம். கை நடுங்காது, கீழயும் விழாது." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் லினெஸைப் பார்க்கவில்லை. ஆனாலும் லினெஸ் ஜன்னலைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை எனலேசி காத்திருப்பு வீட்டு வாசலில் சைக்கிள் டாக்ஸிக்காரனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். லினெஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"இந்த நெலமையில சைக்கிள் பின்னாடியா? வேணாம். நான் போறேன்."

"நீங்க போனா அவன் வேற ஏதாவது தள்ளி விட்டுடுவான், அண்ணி. நான் போறேன். நீங்க கூட வாங்க, வேணும்னா இன்னொரு சைக்கிள் புடிங்க."

"பிடிவாதம். எங்க தம்பி என்னத்த கண்டு கட்டினானோ."

"அதுக்குத்தான் கட்டினாரு," என்று சொல்லி எனலேசி ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க சைக்கிள்காரன் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கித் தள்ளினான். தன் சீட்டில் பிள்ளை பிறந்துவிடுமோ என்று அவனுக்கு உள்ளூர நடுக்கம்.

ஜாஃபாலி டார்ச்சைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றான். ஓரத்தில் விழுந்திருந்த கோட்டைக் காட்டினான்.

"இது யாரு போட்டது? நீங்களே போட்டது. என் கண்ணு முன்னாடி. இப்ப இத யாரு புதுசுன்னு வாங்குவா?"

"நீ குடுத்தது எனக்கு ஒத்து வரல."

"எப்படி ஒத்து வராம போகும்? நீர்யானைக்குன்னு கேட்டீங்க. நீர்யானைக்குக் குடுத்தேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறதோட கண்ணு தெரியும் இதுல. இதுக்கு மேல நான் என்ன, நீர்யானையையும் சேத்துக் குடுக்கணுமா?"

சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மகிரேட்டா தக்காளி அடுக்குவதை நிறுத்தினாள். உலர்ந்த மீன் விற்கிற இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். லினெஸ் எனலேசியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வா, போகலாம். வேற எங்கயாவது பாத்துக்கலாம்."

வேறு எங்கே? பணம் இந்த டார்ச்சில் இருக்கிறது. எனலேசி எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இருட்டு அறையில் பட்ட பயத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை.

"நான் பொய் சொன்னேன்," என்றாள், மாவு மில் வரைக்கும் கேட்கிற குரலில். "நீர்யானைக்கு இல்ல. பிரசவத்துக்கு. என் பிரசவத்துக்கு, இந்த மாசம். நர்சு கிழிசல் பாத்துத் தைக்கணும். அதுக்கு விளக்கு வேணும்."

லினெஸ் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாஃபாலி கையிலிருந்த டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மழைக்காலத்துல மட்டும்," என்று மெதுவாக ஆரம்பித்தான், "நீர்யானைக்குன்னு சொல்லிப் பதினோரு பொம்பளைங்க இதே டார்ச்ச வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஆத்துல இருக்கறதே நாலு நீர்யானை."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜாஃபாலி மட்டும் சிரிக்கவில்லை.

"என் பொண்டாட்டி போன வருஷம் கடையிலேர்ந்து இதையேதான் எடுத்துட்டுப் போனா. எதுக்குன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல."

அப்போது லினெஸ் துணியை வாயிலிருந்து எடுத்தாள். "போன தடவ இவளுக்கு டார்ச்ச கீழ போட்டது நான்தான்," என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "மூணு வருஷமா இவ ஒரு வார்த்தை சொன்னதில்ல. தலையில மாட்டறது இருந்தா எடுங்க, தம்பி. என் கைய நம்ப வேண்டாம்."

ஜாஃபாலி எழுந்து பின்னாலிருந்த தகரக் கொட்டகையைத் திறந்தான். இரவில் வலை சரிபார்க்கிற மீன்காரர்கள் வாங்குகிற தலை விளக்குகள் மூன்றைக் கொண்டுவந்தான். எனலேசி அவற்றை எடுத்துக்கொண்டு, மகிரேட்டாவிடம் போய் நின்றாள்.

"அக்கா, நல்லாப் பழுத்த தக்காளி ஒண்ணு குடு. ஊசியும் நூலும் இருக்கா?"

மகிரேட்டா எதற்கு என்று கேட்கவில்லை. தக்காளியைத் துடைத்துக் கொடுத்தாள். தன் துணி ஓரத்தில் குத்தி வைத்திருந்த ஊசியையும் அதில் சுற்றியிருந்த நூலையும் உருவிக் கொடுத்தாள். எனலேசியும் லினெஸும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே கும்மிருட்டு, ஒரே வெக்கை.

முதல் விளக்கில் தக்காளி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. எனலேசி அதைக் கழற்றிக் கீழே வைத்தாள். இரண்டாவதில் சிவப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஊசியின் காது தெரியவில்லை. லினெஸ் ஆறு தடவை நூலைக் கோக்கப் பார்த்துவிட்டுத் திட்டினாள். மூன்றாவதை மாட்டினார்கள். வெளிச்சம் ஒரு முழ அகலத்துக்கு விரிந்தது. கண் கூசவில்லை. தக்காளி தக்காளியாகவே இருந்தது. காம்புக்குப் பக்கத்தில் இருந்த மெல்லிய கீறல்கூடத் தெரிந்தது. லினெஸ் நூலை எச்சில் தொட்டு நீட்டினாள். முதல் தடவையே கோத்துவிட்டாள்.

"இதுதான்," என்றாள் லினெஸ்.

வெளியே வந்ததும் எனலேசி வாளியை இழுத்தாள். "ஐயோ, அது மீன்காரங்க மழையில போடறதும்மா," என்று ஜாஃபாலி கெஞ்சினான். அவள் முக்கினாள், எடுத்தாள், எரிந்தது. பிறகு கையை உயர்த்தினாள். அவன் பழையபடி கண்ணை மூடிக்கொண்டான். கல்லில் பட்டுத் துள்ளி விழுந்த விளக்கு அணையாமல் கிடந்தது. தலைப்பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், பேட்டரி மூடியை நாலு தடவை திறந்து மூடினாள்.

"இது ஒன்பதாயிரம்," என்றான் அவன். "கோடு போட்ட டார்ச்சுக்கு நான் ஏழுதான் குடுக்க முடியும்."

"அந்தக் கோட்டாலதான் அது நல்ல டார்ச்சுன்னு தெரிஞ்சுது. அதுவும் எட்டு, இதுவும் எட்டு."

"ஆயிரம் நஷ்டம் எனக்கு."

"அத நான் குடுக்கறேன்," என்றாள் மகிரேட்டா, தக்காளிக் கூடைக்குப் பின்னாலிருந்து. "ஆனா எனக்கும் ஒண்ணு எடுத்து வை. என் பொண்ணுக்கு அடுத்த மாசம்." சொல்லிவிட்டுத் தன் வாயை நம்ப முடியாதவள் போல ஒரு கணம் நின்றாள். அவள் நீட்டிய நோட்டை ஜாஃபாலி வாங்கவில்லை. எனலேசியின் பழைய டார்ச்சை மட்டும் வாங்கித் துடைத்து வைத்துவிட்டு, தலை விளக்கு இன்னும் எத்தனை வரவழைக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் வலி கண்டது. ஏழு மணிக்குள் நன்றாக இருட்டிவிட்டது. சிஸ்டர் கம்வெண்டோ விளக்கைத் தலையில் மாட்டிப் பட்டையை இறுக்கினார். லினெஸ் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். பிடிப்பதற்கு டார்ச் இல்லாததால் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எனலேசிதான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். லினெஸ் அந்தப் பிடியில் தன் விரல்கள் வெளுத்துப்போனதைப் பற்றிப் பிறகு பல நாள் புகார் சொன்னாள்.

ஆண்பிள்ளை. பிறந்ததும் கத்தினான். பிறகு, போன முறை போலவே, தொடைக்குக் கீழே சூடாகப் பரவுவதை எனலேசி உணர்ந்தாள். லினெஸின் கை இறுகியது. வெள்ளை வெளிச்சம் மட்டும் அசையாமல் நின்றது, சிஸ்டரின் தலை குனிந்த இடத்தில்.

எனலேசிக்குக் கேட்கப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள். "சிஸ்டர், தெரியுதா?"

சிஸ்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.

"தெரியுது," என்றார். "நல்லாத் தெரியுது. அசையாம படு."